மொதப் படி எங்க கீது?

காஞ்சிபுரத்தில் ஒரு ஷோரூமுக்கு சார்ஜர் வாங்கப் போயிருந்தேன். கண்ணாடி மேசை மேல் படம் வரைகிற டேப்லெட் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்கள். யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதபடி அதன் பேனாவைச் சுருள் ஒயரால் கட்டியிருந்தார்கள். உத்திரமேரூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இருந்தாலும் இந்த மாதிரிச் சாமானைப் பார்த்துவிட்டுத் தொடாமல் வருகிற பிறவி இல்லை நான்.

தொட்டேன். ஆனால் என் கை பேனாவை எழுதுகிற மாதிரிப் பிடிக்கவில்லை. இரண்டு விரலால் அதன் வால் நுனியைக் கிள்ளித் தூக்கியது, செத்த பல்லியைத் தூக்குவது போல. முள்ளைத் திரைமேல் மெல்லச் சாய்த்தது. அழுத்தவே இல்லை. பேனாவின் சொந்தக் கனம் மட்டும் அழுத்த, குறுக்காக, ரொம்ப நிதானமாக இழுத்தது. திரையில் ஒரு முடி விழுந்து கிடப்பது போல மெல்லிய கோடு வந்தது.

“மொதப் படி கீது,” என்றேன், வாய்விட்டு.

“மேடம்?” என்றார் விற்பனையாளர்.

அவருக்கு என்ன சொல்வது? அது என் குரலே இல்லை. அந்த இழுப்பும் என்னுடையது இல்லை. எல்லாம் அக்காவுடையது. அக்கா எங்களைவிட்டுப் போன பிறகு நான் எத்தனையோ பேனாக்களைத் தொட்டிருக்கிறேன். இப்படித் தொட்டதில்லை. அங்கே, அந்தக் குளிர்ந்த கடையில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது: அக்காவை வரைய வேண்டும்.

ஏன் வரைய வேண்டும் என்றால், அவளுடைய போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஆதார் அட்டையைத் தவிர வேறெங்கும் இருக்குமா என்பதே சந்தேகம். கையில் போனை எடுத்தாலே அவள் மானிட்டருக்குப் பின்னால் குனிந்துவிடுவாள். “போட்டோ இருந்தாத்தானே எனக்கு பேனர் அடிப்பீங்க? நான் குடுக்க மாட்டேன். பேனர் இல்லாம எவளாவது செத்திருக்காளா நம்ம ஊர்ல?” என்பாள்.

வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் நைனா நடத்துகிற பிளக்ஸ் கடையில் அவள்தான் டிசைனர். கூடப் பிறந்தவள் இல்லை, நான் அக்கா என்று கூப்பிடுவேன். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டுப் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு, யார் பிள்ளைக்குக் காதுகுத்து, யார் போய்விட்டார்கள் எல்லாம் முதலில் அவள் திரைக்குத்தான் வரும். மாகறலிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தால் தட்ட மாட்டாள், நகத்தால் சுரண்டுவாள். உள்ளேயிருந்து நைனா தினமும் அதே கேள்வியைக் கேட்பார்: “யாரு, பூனையா?”

“பூனைதான். பால் இல்லன்னா டீயாவது வாங்கியாங்க ஓனரே.”

வாய் அப்படி. கை இப்படி. அதுதான் அக்கா. பேச்சு என்றால் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும். ஆனால் எதையும் அவள் அழுத்தித் தொட்டு நான் பார்த்ததில்லை. கால்குலேட்டரை சுண்டுவிரல் நகத்தால் தொடுவாள். டீ கிளாஸை விளிம்பில் மட்டும் பிடிப்பாள். கோபம் வந்தால் கதவைச் சாத்துவாளே, அதுவும் சத்தமில்லாமல்தான். அதைவிட பயமாக எதுவும் இருக்காது.

ரேஷன் கடையில் இதனால் பெரிய பேஜார். விரலை வைக்கிற மிஷின் இருக்கிறதே, அது அவள் அம்மாவின் ரேகையை எடுக்காது. வாழ்நாள் முழுக்க நாற்று பிடுங்கி, களை எடுத்து விரல் வழவழத்துப் போயிருந்தது. சரி, பெண்ணை அனுப்பலாம் என்றால் அவள் ரேகையும் விழாது. விரலை அவள் வைக்கிற விதம் அப்படி.

“அழுத்தும்மா. அழுத்திதான் வையேன். உங்க வூட்ல யாருக்குமே ரேக கெடையாதா?” என்று கடைக்காரர் கத்தினாராம்.

“எங்க வூட்டு ரேகயெல்லாம் அரிசியோட சேத்து மொதல்லியே எடுத்துக்கினீங்களே,” என்று இவள் சொன்னாளாம். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள் என்று அவளே எங்களுக்கு நடித்துக் காட்டினாள்.

ஏன் இப்படி என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தாள். நைனாவிடம், “உங்க சாமான் தேஞ்சிடப் போவுதேன்னுதான்.” ரேஷன் கடையில், “பயந்த சுபாவம்ணா.” என்னிடம் ஒரு நாள், “பள்ளிக்கூடத்துல பலப்பம் தேஞ்சா அடுத்தது கெடைக்காதுடி. அதான் சிலேட்டு மேல பட்டும் படாம எழுதுவேன். டீச்சர் எட்டி நின்னு பாத்துட்டு ஒண்ணுமே எழுதலன்னு அடிக்கும். கிட்ட வந்து பாத்துட்டு மறுபடியும் அடிக்கும், ஏன் தெரியாத மாதிரி எழுதினன்னு.” இதில் எது நிஜம் என்று கேட்டேன். “எல்லாமே நல்லாத்தானே கீது?” என்றாள்.

நான் அப்போது காஞ்சிபுரத்தில் விஸ்காம் படித்துக்கொண்டிருந்தேன். லீவு நாளெல்லாம் கடையில்தான். புது போன், புது டேப்லெட், புது பேனா எது வந்தாலும் அதைப் பிரித்துக் காட்டுகிற வீடியோக்களை எல்லாம் நாஷ்டா சாப்பிடும்போதே பார்த்து முடித்துவிட்டு, ஓடி வந்து அக்காவிடம் ஒப்பிப்பேன். அதனால் எனக்கு அவள் வைத்த பெயர் ‘ரிவ்யூ’. “வந்துட்டா ரிவ்யூ. இன்னிக்கு இன்னாடி புதுசா வந்து கீது?” நான் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கும்வரை கேட்பாள். பிறகு ஒரே கேள்வி கேட்பாள்: “தொட்டா தெரியுமா?”

“தெரியாம? எவ்ளோ அழுத்தினாலும் அதுக்கேத்த மாதிரி...”

“அழுத்துனா செங்கல்லுல கூடத்தான் கோடு விழும். தொட்டா தெரியுமான்னு கேட்டேன்.”

எங்கள் கடை டேப்லெட் தொட்டால் தெரிகிற ஜாதி இல்லை. நைனா சென்னையில் எங்கோ பழசாக வாங்கி வந்தது. பேனாவுக்குள் பேட்டரி போட வேண்டும். அதனால் வால் கனம். பலகையின் நடுப்பகுதி தேய்ந்து வழுக்கைத் தலை மாதிரி பளபளக்கும். குறுக்காக மெதுவாக ஒரு கோடு இழுத்தால் அது நேராக வராது, பாம்பு நெளிகிற மாதிரி நெளிந்து நெளிந்து வரும். வேகமாக இழுத்தால் நேராக வரும். அக்காவுக்கோ வேகமாக இழுக்கப் பிடிக்காது. கை வியர்வையில் ஒட்டாமல் இருக்க ஒரு கறுப்பு சாக்ஸை வெட்டித் தைத்து, மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் நுழைகிற உறை ஒன்று செய்து வைத்திருந்தாள். அதை மாட்டிக்கொண்டு அவள் இழுத்த கோடு பாதி நேரம் திரையில் விழவே விழாது. பேனா பலகைமேல் போய்க்கொண்டிருக்கும், திரை வெறுமனே இருக்கும்.

“அழுத்திப் போடும்மா,” என்பார் நைனா, பிரிண்டர் பக்கத்திலிருந்து.

“இன்னா ஓனரே, நான் படம் போடறனா, மருதாணி அரைக்கிறனா?”

அவள் சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். மத்தியானம் சாப்பிடப் போகும்போது பேனாவை ஒரு மடித்த கைக்குட்டைமேல் படுக்க வைத்துவிட்டுப் போவாள். “அதுக்கும் கை வலிக்குமில்ல?” பேட்டரி தீரத் தீரப் பேனா கனக்கிறது என்று சாதிப்பாள். நான் அறிவியல் பேசினால், “நீ கைல புடிச்சிப் பாத்தியா?” என்பாள். எல்லாவற்றையும்விட, அவளுக்குக் கை வரைய வராது. முகம் என்றால் உயிரோடு வரும், கை என்றால் கொத்தவரங்காய்க் கட்டு. அதற்கும் பேனாமேல்தான் பழி. “கைக்கு வேற பேனா வேணும்டி. இது மூஞ்சிப் பேனா.” எங்கள் கடை பேனர்களைக் கவனித்திருந்தால் தெரியும். கல்யாணப் பெண்ணின் கை பூச்செண்டுக்குப் பின்னால் இருக்கும். பூப்பெய்திய பெண்ணின் கை தாவணிக்குள் இருக்கும். போய்ச் சேர்ந்த பெரியவர்கள் எல்லோரும் மார்போடு முடிந்துவிடுவார்கள்.

கண்ணீர் அஞ்சலிதான் அவளுடைய பெரிய வேலை. நல்ல போட்டோ இருக்கிற வீடுகளுக்குப் பிரச்சினை இல்லை. கழனி வேலைக்குப் போகிற வீடுகளில் பல பேருக்கு வாக்காளர் அட்டையில் இருக்கிற முகம்தான் ஒரே முகம். அதைப் பெரிதாக்கினால் சாம்பல் பூசிய மாதிரி இருக்கும். அதன் மேல்தான் அக்கா வரைவாள். புருவம், மீசை, இமை என்று ஒவ்வொன்றாகத் திரும்ப முளைக்க வைப்பாள். கடைசியில் தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டம். அது போடாவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள்.

ஒரு முறை ஓர் அண்ணனும் தங்கையும் அவர்களுடைய அப்பாவின் அட்டையோடு வந்தார்கள். கன்னத்தின் மேல் பாதி முத்திரை விழுந்திருந்தது. அக்கா முகத்தை எழுப்பிவிட்டாள். அந்தத் தங்கை திரையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“எல்லாம் கரெக்டா கீது. ஆனா மொறைக்கிற மாதிரி கீதே. எங்கப்பா மொறைக்க மாட்டாரு.”

“எப்படிம்மா பாப்பாரு?”

“இப்பதான் தூங்கி எழுந்த மாதிரி.”

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மேல் இமையில் ஒரு மடிப்பு, அவ்வளவுதான். மெல்லிய ஒரு கோடு. இழுத்தாள். விழவில்லை. மறுபடியும் இழுத்தாள். விழவில்லை. பின்னால் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நாளைக்குக் காலையில் பேனர் கட்ட வேண்டும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். கோடு தடியாக, கருப்பாக வந்து விழுந்தது.

“அய்யே, அப்பாவுக்கு இன்னா மை போட்டு வுட்டுட்டீங்க?” என்றான் அண்ணன்.

எவ்வளவு சரி செய்தும் அந்தக் கண்ணில் கொஞ்சம் மை இருந்துகொண்டேதான் இருந்தது. நேரமில்லை, அப்படியே அடித்துக் கொடுத்தோம். அந்தப் பெரியவர் இளமையில் கூத்து கட்டியவராம் என்று பேனரைப் பார்த்த வெளியூர்க்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த பேனர் கிழியும்வரை அக்கா அதைக் கட்டியிருந்த பஸ் ஸ்டாண்டு முனையில் இறங்கவில்லை. முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி வெயிலில் நடந்து வந்தாள். “அந்தப் பொண்ணு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சிடி. தூங்கி எழுந்த மாதிரின்னு. அதக் குடுக்க முடியல,” என்றாள். அன்றைக்கு மட்டும் அவள் பேனாவைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

அந்த வாரம்தான் நான் அந்த அறிவிப்பைக் கண்டுபிடித்தேன். சென்னையில் குழந்தைகளுக்குக் கதைப் படங்கள் செய்கிற ஒரு ஸ்டுடியோவில் ஓவியர் வேண்டும். பட்டம் தேவையில்லை. ஒரே ஒரு சோதனை. எதிரில் உட்கார்ந்திருக்கிற ஒருவரைப் பார்த்து, போட்டோ இல்லாமல் வரைந்து, முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை திரையைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். இடையில் நிறுத்தவோ வெட்டவோ கூடாது.

படித்துக் காட்டினேன். அக்கா கையுறையைக் கழற்றி, உதறி, திரும்ப மாட்டிக்கொண்டாள்.

“இந்தப் பேனாவுலயா?” என்றாள்.

அது ஒரு கேள்விதான், ஆனால் அவள் கேட்ட விதத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவளுக்குப் போக வேண்டும். பேனர் கிழிந்ததும் முகமும் போய்விடாத ஓர் இடத்தில் அவள் வரைய வேண்டும். அதற்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பேனா நின்றது. அதைத் தருவிக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ரிவ்யூ என்று பெயர் வாங்கியதற்கு ஒரு பயன் வேண்டாமா?

ஆன்லைனில் புது டேப்லெட்டும் பேனாவும் ஆர்டர் போட்டேன். வந்தது. பெட்டியை நானே பிரித்தேன், வீடியோவில் பிரிப்பவர்களைப் போலவே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டு. “பேட்டரி வேண்டாம் அக்கா! காகிதம் மாதிரி சொரசொரப்பு! எட்டாயிரம் படி அழுத்தம்! லேசா அழுத்தினா ஒரு படி, கொஞ்சம் கூட்டினா அடுத்தது. இந்தப் பேனாவுக்கு எல்லாம் தெரியும்!”

அக்கா வால் நுனியைக் கிள்ளித் தூக்கினாள். முள்ளைச் சாய்த்தாள். இழுத்தாள். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை. ஒன்றும் இல்லை. கொஞ்சம் அழுத்தினாள், கோடு வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எட்டாயிரம் படி இருக்கட்டும். மொதப் படி எங்க கீது?”

“அக்கா?”

“மெத்த வூடு கட்டி, படியெல்லாம் ஷோக்காதான் வெச்சிருக்கான். ஆனா தெருவுலேர்ந்து மொதப் படி ஆளு ஒசரத்துல கீது. நான் எப்படிடி ஏறுவேன்?”

செட்டிங்ஸுக்குள் புகுந்து என்னென்னவோ திருகினேன். அப்படித் திருகினால் எல்லாக் கோடும் சேர்ந்து தடித்தது, முதல் தொடுகை மட்டும் வரவே இல்லை. என் கைக்கு அந்தப் பேனா அருமையாக இருந்தது. எனக்குத்தான் கை கனமாயிற்றே. பரீட்சைத் தாளில் நான் எழுதினால் அடுத்த பக்கத்திலும் அச்சு விழும்.

அக்கா சிரித்தாள். “வுடு. நீ வெச்சிக்கோ. உனக்குப் பொருத்தமான பேனாதான்.” அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. விட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

நான் விடவில்லை. எங்கள் கல்லூரி லேபில் திரையோடு சேர்ந்த பெரிய டேப்லெட் ஒன்று இருந்தது, மேலேயே வரையலாம். மாணவர்கள் யாரும் தொடக்கூடாது என்று துணி போர்த்தி வைத்திருப்பார்கள். சாரிடம் கெஞ்சினேன், வகுப்பு முடிந்ததும் கெஞ்சினேன், கேன்டீனில் கெஞ்சினேன். திங்கட்கிழமை காலை முதல் வகுப்புக்கு முன் திரும்ப வந்துவிட வேண்டும் என்று கொடுத்தார். போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை பஸ்ஸில் வந்தேன்.

“டிவியாம்மா?” என்றார் கண்டக்டர்.

“இல்லண்ணா, சிலேட்டு.”

ஞாயிற்றுக்கிழமை. நைனா ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒயர்களையெல்லாம் மாட்டி, பதிவைத் தயார் செய்து வைத்தேன். அக்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள், ஏதோ கோயிலுக்கு வருகிற மாதிரி. கையுறையை மாட்டினாள். பேனாவின் வாலைக் கிள்ளித் தூக்கினாள். முள் சாய்ந்தது. நகர்ந்தது.

கோடு விழுந்தது. நெளியாமல், நடுங்காமல், குறுக்கே.

அக்கா இன்னொரு கோடு இழுத்தாள். இன்னொன்று. பிறகு அந்தப் பெரியவரின் இமை மடிப்பை மட்டும், முகமில்லாமல், வெறுமனே ஒரு மூலையில் வரைந்தாள். தூங்கி எழுந்த மாதிரி. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அழித்தாள்.

“உக்காருடி,” என்றாள். குரல் மாறியிருந்தது. “கைய மேசைக்கு அடியில வெச்சிக்கோ. அது மட்டும் வேணாம்.”

எதிரே உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்து வரைந்தாள். நான் வேறெங்கே பார்ப்பது? அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு என்னிடம் இருக்கிற அக்காவின் முகம் அதுதான். இடது புருவம் கொஞ்சம் தூக்கியிருக்கும். நெற்றியோரத்தில் அம்மைத் தழும்பு ஒன்று. கீழுதட்டின் ஒரு ஓரத்தை மட்டும் பல்லால் பிடித்திருப்பாள், அதையும் அழுத்தாமல். கண் என்மேல் வந்து வந்து போகும். தூங்குகிற குழந்தைமேல் ஈ உட்கார்ந்தால் விரட்டுவோமே, குழந்தை எழுந்துவிடாமல், அப்படி. என்னை யாரும் அவ்வளவு நிதானமாகப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. அசையக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

வரைந்து முடித்தாள். பெருமூச்சு விட்டாள். பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் கை தானாக மேலே போய், பெரிய தூரிகையைத் தேர்ந்தெடுத்து, என் தலைக்குப் பின்னால் வட்டமாக மஞ்சளை ஏற்றியது.

ஒளிவட்டம்.

“அக்கா!” என்று கத்திவிட்டேன். “நான் இன்னும் உசுரோடதான் கீறேன்!”

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு, மேசை ஆடியது. “ஐயோ, கை பளக்கம்டி! மூஞ்சி முடிஞ்சாலே கை அங்க போயிடுது!” கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வட்டத்தைத் திரும்ப எடுத்தாள். ஆனால் எல்லாம் பதிவாகிவிட்டது, வெட்டக்கூடாது. இதோடு போயிற்று என்று நான் தலையில் கை வைத்தேன். “அனுப்பு. பொய்யா இன்னா பண்ணோம்?” என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஷட்டரைத் தூக்கிக்கொண்டு நைனா வந்தார். திரையில் இருந்த என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பெற்ற மகளை அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி. பிறகு மெதுவாகக் கேட்டார், “பேனா நல்லா கீதா?”

“சூப்பரா கீது நைனா.”

“அப்ப போயிடுவா,” என்றார். பிரிண்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி இல்லை. பஸ்ஸில் அந்தக் கனத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோதே எனக்குத் தெரியும். பேனா மோசமாக இருந்தால் அக்கா இருப்பாள், நன்றாக இருந்தால் போவாள். தெரிந்துதான் போர்வையை இன்னும் இறுக்கிச் சுற்றினேன், பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அடிபட்டுவிடக் கூடாதே என்று.

கூப்பிட்டார்கள். நேர்காணலில் அவர்கள் முதலில் கேட்டதே அந்த ஒளிவட்டத்தைப் பற்றித்தானாம். இவள் அஞ்சலி பேனர் கதையெல்லாம் சொல்ல, அறை முழுக்கச் சிரித்தார்களாம். போன் பண்ணிச் சொன்னாள். பின்னால் சென்னை இரைச்சல். “ஏ ரிவ்யூ, இங்க குடுத்து கீற பேனாவுல மொதப் படி தரையோட தரையா கீதுடி!”

முதலில் தினமும் பேசினோம். பிறகு வாரத்துக்கு ஒரு முறை. அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள், மாகறல் வீடு பூட்டிவிட்டது. பிறகு அந்த ஸ்டுடியோ ஹைதராபாத் பக்கம் மாறியது, அவளும் போனாள். ஒரு நாள் அவள் எண்ணைக் கூப்பிட்டால் யாரோ ஒருவர் தெலுங்கில் எடுத்தார். சண்டையில்லை, வருத்தமில்லை. அவள் கதவு சாத்துகிற மாதிரிதான், சத்தமே வரவில்லை.

அவள் வரைந்த என் முகத்தை நைனா மிச்ச பிளக்ஸ் துண்டில் அடித்து, கடையில் மாட்டி வைத்திருக்கிறார், இந்த மாதிரி செய்து தருவோம் என்று காட்டுவதற்கு. பிளக்ஸ் கடையில் தனியாக ஒரு பெண் முகம் தொங்கினால் ஊரில் என்ன நினைப்பார்கள்? உள்ளே வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, உச்சுக் கொட்டி, “ஐயோ பாவம், சின்னப் பொண்ணா கீதே. எப்படிம்மா செத்துப் போச்சு?” என்று என்னிடமே கேட்கிறார்கள். அந்தப் படத்துக்குக் கீழேதான் என் நாற்காலி. “வேலைக்குப் போயிடுச்சு,” என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

சில மாதங்களுக்கு முன் பக்கத்து வீட்டுக் குழந்தை போனில் கதைப் படம் பார்த்துக்கொண்டிருந்தது. யானைக்குத் தாகம், ஏரிக்குப் போகிறது, கூட ஒரு சிறுமி. சும்மா எட்டிப் பார்த்தேன். யானையின் இமை. அவ்வளவு மெல்லிய மடிப்பு, இப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி. இன்னும் குனிந்து பார்த்தேன். இருந்தாலும் உலகத்தில் எத்தனையோ பேர் இமை வரைகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு அந்தச் சிறுமியைப் பார்த்தேன். நடக்கும்போது கையைப் பின்னால் கட்டியிருக்கிறாள். தண்ணீர் எடுக்கும்போது கை பானைக்குள் இருக்கிறது. யானைமேல் ஏறி உட்கார்ந்தபோது கை பாவாடைக்குள் போய்விட்டது. படம் முடிகிறவரை அந்தப் பெண்ணுக்குக் கையே வெளியே வரவில்லை.

“அக்கா!” என்று கத்தினேன். குழந்தை பயந்துபோய் போனைக் கீழே போட்டுவிட்டது.

படத்தின் கடைசியில் ஓடுகிற பெயர்களில் ஓவியர் பெயர் இல்லை, ஸ்டுடியோ பெயர்தான் இருந்தது. கீழே கருத்துப் பகுதியில் எழுதினேன்: ‘மொதப் படி எங்க கீது?’ யாரோ முன்பின் தெரியாதவர்கள் அதற்கு விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள். பதில் வரவில்லை. இன்னும் போய்ப் பார்க்கிறேன்.

அந்த ஷோரூமில் சார்ஜரை மறந்துவிட்டு அந்த டேப்லெட்டோடுதான் வெளியே வந்தேன். நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை. பெட்டியைப் பிரிக்கவும் இல்லை, எனக்கு இது அதிசயம். முதலில் வேறொன்றைத் தேடி எடுத்தேன். பழைய டேப்லெட்டின் கீழே அக்கா விட்டுப் போன கறுப்பு சாக்ஸ் உறை. மாட்டிப் பார்த்தேன். சுண்டு விரல் பக்கம் தேயவே இல்லை. அவ்வளவு நாள் தேய்த்தும் தேயவில்லை. என் கைபட்டால் ஒரே மாதத்தில் ஓட்டை விழும்.

நாளைக்கு ஞாயிறு, கடை லீவு. வெயில் ஏறுவதற்குள் உட்கார்ந்துவிட வேண்டும். முகத்தில் ஆரம்பிக்கப் போவதில்லை. புருவம், தழும்பு, உதடு எல்லாம் எனக்கு மனப்பாடம், அவை காத்திருக்கட்டும். முதலில் கையை வரையப் போகிறேன். இரண்டு விரலில் உறை மாட்டி, ஒரு பேனாவின் வாலைக் கிள்ளித் தூக்கிப் பிடித்திருக்கிற, எதையும் அழுத்தாத அந்த வலது கையை. அவள் வரைந்த எல்லோருக்கும் மறைத்து மறைத்து வைத்தது கையைத்தான். எனக்கு வருமா என்று தெரியவில்லை. என் கை கனம். பேனா தன் கனத்திலேயே சாயட்டும் என்று விட்டுவிட்டு, மெதுவாக, குறுக்காக இழுத்துப் பார்க்க வேண்டும்.